எலியட்டின் பூனைக்கு ஆதி தாளம்

பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் ஒரு பூனை இருக்கிறது. பெயர் மக்காவிட்டி. ஊரில் நடக்கும் எல்லாத் திருட்டுக்கும் அதுதான் காரணம். ஆனால் போலீஸ் போய்ப் பார்க்கும்போது அந்த இடத்தில் இருக்காது. எழுதியவர் டி.எஸ். எலியட். 2018-இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது புத்தகத்துக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து, கோமுகி அணைக்குக் கீழே கல்வராயன் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் வடக்கனந்தலிலும் பரீட்சை நெருங்கும் மாலைகளில் அந்தப் பூனையின் பெயர் திண்ணைகளில் கேட்கிறது. கவிதையாகக் கேட்கிறது என்று சொல்ல முடியாது. ரேஷன் கடைப் பட்டியலைப் படிக்கிற அதே குரலில், மூச்சு முட்ட, ஒரே இழுப்பில் வந்து போகிறது.

இந்தக் கவிதையை லண்டனில் 21 வருஷம் இடைவிடாமல் பாடியிருக்கிறார்கள் என்பது அந்தத் திண்ணைப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்த 'கேட்ஸ்' இசைநாடகம் 1981 மே 11-இல் தொடங்கி, 2002 மே 11-இல் முடிந்தது. மொத்தம் 8,949 காட்சிகள். எலியட் 1939-இல் குழந்தைகளுக்காக எழுதிய பூனைக் கவிதைகளை வைத்துக் கட்டிய நாடகம் அது. கவிஞர் 1965-இலேயே இறந்துவிட்டார். அவர் மனைவி வேலரி அனுமதி கொடுத்தார்.

நம் சினிமாக்காரர்களிடம் ஓயாத ஒரு வழக்கு உண்டே, மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று! அதை வைத்துப் பார்த்தால் லாயிட் வெப்பரின் சிக்கல் எளிதில் புரியும். அதற்கு முன் டிம் ரைஸோடு சேர்ந்து வேலை செய்த காலத்தில் அவர் பெரும்பாலும் மெட்டுப் போட்டுக் கொடுப்பார், ரைஸ் வார்த்தை வைப்பார். எம்.எஸ்.வி. ஆர்மோனியத்தில் வாசிக்கக் கண்ணதாசன் வரி சொன்ன கதை மாதிரிதான். எலியட்டிடம் அது நடக்காது. செத்துப்போன கவிஞரிடம் போய், இந்த இடத்தில் ஒரு அசை குறைகிறது, கொஞ்சம் மாற்றித் தாருங்கள் என்று கேட்க முடியுமா? சொல் கல் மாதிரி நிற்கிறது. மெட்டுதான் வளைந்து கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 'கேட்ஸ்' என்றதும் உலகம் முணுமுணுக்கும் பாட்டு 'மெமரி'. அது பூனைப் புத்தகத்தில் இல்லாதது. மெட்டு முதலில் வந்துவிட்டது. பிறகு இயக்குநர் ட்ரெவர் நன், எலியட்டின் வேறு கவிதைகளிலிருந்து சாயலை எடுத்து அதற்கு வார்த்தை எழுதினார். பாட்டுக்கு மெட்டுப் போட்ட நாடகத்தில், மெட்டுக்குப் போட்ட பாட்டுதான் ஜெயித்தது. ஆனாலும் எனக்கு அதைவிட மக்காவிட்டிதான் பிடிக்கும். இரண்டு பெண் பூனைகள் ஜாஸ் நடையில், புறணி பேசுகிற மாதிரி இழைத்து இழைத்துப் பாடும். கவிதையில் இருக்கும் கள்ளத்தனம் முழுவதும் அந்த நடையில் வந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெண் பதினொன்று படிக்கிறாள். ஒரு நாள் புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"பெரியப்பா, இத்த எப்புடித்தான் மனப்பாடம் பண்றது? ரெண்டாவது வரிக்குப் போனா மொத வரி ஓடிப்போவுது."

"வாயால படிக்காத. கையால படி."

"கையாலயா?"

ஆதி தாளம் போடச் சொன்னேன். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் எட்டு. மக்காவிட்டியின் ஒவ்வொரு வரியிலும் ஏழு அழுத்தம் இருக்கிறது. முதல் நான்கும் லகுவில் உட்கார்ந்துகொள்கின்றன, தட்டுக்கு ஒன்று, விரலுக்கு ஒன்று. மீதி மூன்றும் அடுத்த தட்டு, வீச்சு, தட்டில் போய் விழுகின்றன. கடைசி வீச்சு காலி. அந்தக் காலியில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். வரியின் முதல் அசை மட்டும் அழுத்தமில்லாதது என்பதால், தாளத்துக்குச் சற்று முன்னாலேயே எடுக்க வேண்டும், கச்சேரி பாஷையில் அதீத எடுப்பு. நாலைந்து முறை தடுமாறினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். பிடித்ததும் கண் விரிந்தது.

"இது எங்க தாத்தா கூத்துல தாளம் போடற மாதிரியே இருக்கு!"

இருக்கத்தானே செய்யும். நான்கும் மூன்றுமாக ஏழு அழுத்தம், பிறகு ஒரு மௌனம் என்பது ஆங்கில நாட்டுப்பாடலின் பழைய எலும்பு. கதைப்பாடல்கள், தேவாலயத் துதிகள், எமிலி டிக்கின்சனின் பல கவிதைகள் எல்லாம் இந்தச் சட்டத்தில் நிற்பவை. எலியட் பெரிய நவீனக் கவிஞர் என்று பெயரெடுத்தவர். ஆனால் பூனைகளைப் பற்றி எழுதும்போது பாட்டியின் சந்தத்துக்குத்தான் போனார். அதனால்தான் வடக்கனந்தலில் ஒரு பெண்ணின் கை அதைக் கண்டுபிடிக்க முடிகிறது.

அவள் தாத்தாவைச் சொன்னதால் கூத்து வாத்தியார்களைப் பற்றி ஒரு வார்த்தை. தென்னாற்காட்டுத் தெருக்கூத்தில் வாத்தியார் என்பவர் பாதி இசையமைப்பாளர். ஏட்டில் தரு இருக்கும், விருத்தம் இருக்கும். எந்தச் சொல்லை மத்தளத்தின் அடியில் வைப்பது, எதை முகவீணைக்கு விட்டுக் கொடுப்பது என்பது அவர் கணக்கு. துரியோதனன் பிரவேசத்தில் அடி மாறி விழுந்தால் முன்வரிசைக் கிழவர் முகம் சுளிப்பார். சொல் எங்கே கனக்கிறதோ அங்கே தாளம் கனக்க வேண்டும் என்பது கல்லூரிக்குப் போய்க் கற்ற விதியல்ல அவருக்கு.

ஆனால் தமிழில் சொல் கனப்பது ஒரு மாதிரி, ஆங்கிலத்தில் கனப்பது வேறு மாதிரி. நமக்குக் குறிலும் நெடிலும்தான் கணக்கு. நெடிலை நீட்டலாம், ஒற்றில் நிற்கலாம். ஆங்கிலத்தில் நீளம் அவ்வளவு முக்கியமில்லை, அழுத்தம்தான் முக்கியம். மூன்று அசையுள்ள சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பது மொழி முன்பே முடிவு செய்துவிட்ட விஷயம். அதை மாற்றி அழுத்தினால் கேட்பவருக்குச் சொல்லே புரியாது. இந்த மோதலை நேரில் கேட்க வேண்டுமானால் ஏதாவது ஒரு லுத்தரன் அல்லது சி.எஸ்.ஐ. தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்காருங்கள். பாமாலை என்பது மேற்கத்திய மெட்டில் தமிழ்ச் சொல். குறில் இருக்கும் இடத்தில் மெட்டு நீளும், நெடில் நசுங்கும். அடுத்துக் கீர்த்தனை தொடங்கும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வழி வந்த தமிழ் ராகம், தமிழ்த் தாளம். சபையே நிமிர்ந்து உட்காரும். இந்த வித்தியாசத்தைக் காதில் வாங்கியவர்கள், ஆங்கிலக் கவிதைக்கு இசையமைக்க ஒரு கர்நாடக இசைக்காரர் உட்கார்ந்தால் அவருக்கு என்ன கஷ்டம் வரும் என்பதை ஊகித்துவிடலாம். முத்துசுவாமி தீட்சிதர் இதைத் தலைகீழாகச் செய்தார். ஆங்கிலேயர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அங்கே வளைந்தது சொல்.

மெட்டை வளைக்கிற வேலைக்கு வருவோம். சரோஜினி நாயுடுவை நமக்கு 'கவிக்குயில்' என்று பாடப்புத்தகம் அறிமுகப்படுத்தியது. ஹைதராபாத்தில் பிறந்த வங்காளிப் பெண். 12 வயதில் சென்னைப் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷனில் முதலிடம் வாங்கியவர். எழுதியதெல்லாம் ஆங்கிலத்தில். முதல் தொகுப்பு 1905-இல் லண்டனில் வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே லிசா லேமன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் அந்தக் கவிதைகளை எடுத்து, நான்கு குரலுக்கான ஒரு பாடல் மாலையாகக் கட்டிவிட்டார். அந்தக் காலத்து ஆங்கிலேய வரவேற்பறைகளில் இந்தியா என்றால் மல்லிகை, பல்லக்கு, பாம்பாட்டி. லேமனின் பியானோவும் அந்த வாசனையைத்தான் தூவியது.

அந்தத் தொகுப்பில் பல்லக்குத் தூக்கிகளைப் பற்றிய கவிதை மிகவும் பிரபலம். அதன் வரியை அளந்து பார்த்தால் ஒரு அழுத்தமும் இரண்டு மெல்லிய அசைகளுமாகப் போகும். தகிட, தகிட, தகிட. வரிக்கு நான்கு தகிட. திஸ்ர நடை நான்கு எண்ணிக்கை என்று எந்த மிருதங்கக்காரரும் சட்டென்று சொல்லிவிடுவார். நான்கு பேர் கால் மாற்றி நடக்கிற நடையே வரிக்குள் இருக்கிறது. மெட்டுப் போடுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கவிதையில் பல்லக்கில் இருப்பவள் பூவைப்போல இலேசாக இருக்கிறாள், தூக்குகிறவர்கள் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு போகிறார்கள். கல்வராயன் மலையில் ரோடு இல்லாத ஊர்களிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளையும் நோயாளிகளையும் டோலி கட்டித் தோளில் சுமந்து இறக்கிய செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அந்தத் தோள்காரர்கள் அந்தக் கவிதையைப் படித்தால் என்ன சொல்வார்களோ! இந்த இடத்தில் ஓர் இசையமைப்பாளர் நினைத்தால் தகிடவை அப்படியே வைத்துக்கொண்டு, கீழே கனமான தம்பூரா சுருதியையோ செல்லோவையோ போட்டு, கவிஞர் மறைத்த எடையை வெளியே கொண்டுவரலாம். மெட்டுக்கு அந்த அதிகாரம் உண்டு.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து சரோஜினிக்கு மறுபடி ஓர் இசையமைப்பாளர் கிடைத்தார். சுருதி ராஜசேகர். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் வளர்ந்தவர். தாயார் வீணைக் கலைஞர் நிர்மலா ராஜசேகர். வீட்டில் கர்நாடக இசை, பள்ளியில் மேற்கத்தியக் குரலிசை என்று இரண்டு கரையிலும் கால் வைத்து, பிரின்ஸ்டனில் படித்து, மார்ஷல் உதவித்தொகையில் இங்கிலாந்து போனவர். இந்திய விடுதலையின் 75-ஆம் ஆண்டான 2022-இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கோரஸ் என்ற ஆங்கிலேயச் சேர்ந்திசைக் குழுவுக்காக அவர் எழுதிய பெரிய படைப்பின் பெயரே 'சரோஜினி'. லேமனுக்குக் கிடைத்தது ஒரு கிழக்கத்திய அழகி. சுருதிக்குக் கிடைத்தது சிறைக்குப் போன ஒரு போராட்டக்காரி. பெயர் ஒன்றுதான். 1905-இல் கவிஞருக்கு வயது 26, உப்பு சத்தியாகிரகம் இன்னும் 25 வருஷம் தள்ளி இருந்தது. அதனால் லேமனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சுருதியின் தலைமுறைக்கு ஒரு வசதி இருக்கிறது. சொல்கட்டு அவர்கள் நாக்கிலும், ஆங்கிலம் அவர்கள் காதிலும் பிறந்ததிலிருந்தே இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லின் அழுத்தத்தைத் தட்டில் வைப்பதற்கு அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை. நம் ஊர் மேடைகளில் இசைக்கலைஞர்கள் எப்போதாவது ஆங்கிலப் பாட்டைக் கர்நாடக ராகத்தில் பாடிக் கைதட்டு வாங்குவது வேறு விஷயம். அது பெரும்பாலும் வேடிக்கை. சிந்துபைரவியில் ஆங்கிலம் வந்தால் சபை சிரிக்கிறது, கவிதை காணாமல் போகிறது, மக்காவிட்டி போல.

தமிழ்நாட்டுக்குள் இந்தக் காரியத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் இளையராஜா. 2005-இல் வந்த 'திருவாசகம்'. புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. ஆங்கில வரிகளை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ், 'காட்ஸ்பெல்', 'விக்கெட்' ஆகிய இசைநாடகங்களுக்குப் பாடலும் இசையும் தந்த அமெரிக்கர். ஜி.யு. போப் 1900-இல் தன் 80-ஆவது வயதில் வெளியிட்ட ஆங்கிலத் திருவாசகம் புகழ்பெற்றது. ஆனாலும் பாடுவதற்கு ஷ்வார்ட்ஸ் போன்ற ஒரு பாட்டுக்காரர் தேவைப்பட்டார். போப் எழுதியது படிக்கிறவர்களுக்கு. பாடும் ஆங்கிலத்துக்கு வாய் திறந்து மூடும் இடங்கள் வேண்டும், மேல் ஸ்தாயியில் நிற்க நல்ல உயிரெழுத்து வேண்டும்.

அந்த ஆல்பத்தில் சிவபுராண வரிகளில் அமைந்த உருப்படி ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். ஓதுவார்கள் திருவாசகத்தை மோகனத்தில் பாடுவது மரபு. கோயிலில் அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, முதல் தடவை இது திகைப்பாக இருக்கும். இளையராஜாவின் குரல் தமிழில் கரைகிறது. பிறகு மேற்கத்தியக் குரல்கள் ஆங்கிலத்தில் எழுகின்றன. புல்லாகவும் பூடாகவும் பல பிறவி எடுத்துக் களைத்த ஓர் உயிரின் புலம்பல் அது. தமிழில் கலிவெண்பாவின் ஓட்டம், நிறுத்தமில்லாமல் ஒன்றை ஒன்று துரத்தும். ஆங்கிலம் வரும்போது இசை தன் நடையை மாற்றிக்கொள்கிறது. சொல்லின் அழுத்தம் இசையின் அழுத்தத்தில் பொருந்துகிறது, ஒரு சொல்லும் மூச்சுத் திணறவில்லை. கைத்திறனில் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் என் காது எப்போதும் தமிழ்ப் பகுதிக்குத்தான் திரும்பிப் போகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பக்தன் தெளிவாகப் பேசுகிறான், தமிழில் அழுகிறான். வெளிவந்த காலத்தில் ஆன்மிகக்காரர்களில் சிலர் இது மரபுக்கு ஆகாது என்றார்கள். இசைக்காரர்களில் சிலர் இதைச் சிம்பொனி என்று சொல்லலாமா, ஒரட்டோரியோ அல்லவா என்று வாதாடினார்கள். அந்தச் சத்தத்தில் ஒரு விஷயம் கவனிக்கப்படாமலே போனது. தமிழ் இசையமைப்பாளர் ஒருவர் ஆங்கிலச் செய்யுளைச் சினிமாவுக்கோ வேடிக்கைக்கோ இல்லாமல், அதற்குரிய மரியாதையோடு பெரிய இசைக்குழுவில் வைத்துப் பாடவைத்தார். 2025 மார்ச் 8-இல் லண்டனில் அரங்கேறிய அவருடைய சிம்பொனி வெறும் வாத்திய இசை. சொல்லும் மெட்டும் மோதுகிற பிரச்சினையே அங்கே இல்லை. அதனால் இந்தக் கட்டுரைக்கு 'திருவாசகம்'தான் அதிகம் பேசக் கிடைக்கிறது.

மோதல் என்றால் கவிஞர்களும் சும்மா இருந்ததில்லை. ஆங்கிலேய இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ் 1909-இல் கவிஞர் ஹௌஸ்மனின் கவிதைகளுக்கு இசையமைத்தபோது, ஒரு கவிதையில் கால்பந்து பற்றிய பகுதியை வெட்டிவிட்டார். ஹௌஸ்மன் கொதித்துப் போனார். அவருடைய இசையில் இரண்டு துண்டை நான் வெட்டினால் பொறுத்துக்கொள்வாரா என்று கேட்டதாகச் சொல்வார்கள். இசையமைப்பாளருக்கோ அந்த இரண்டு பத்தி எங்கிருந்தாலும் பாட்டைக் கெடுக்கும் என்பது தீர்மானம். ஞாயம் யார் பக்கம்? எனக்கு வாகன் வில்லியம்ஸ் பக்கம் சாயத்தான் தோன்றுகிறது. நம் பாரதிக்கும் இது நடந்ததுதான். பாடகர்கள் பிடித்த சரணத்தை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள். பல பாட்டுகளுக்கு அவரே ராகமும் தாளமும் குறித்திருந்தும் ஆளுக்கு ஒரு மெட்டுப் போட்டார்கள். 1982-இல் 'ஏழாவது மனிதன்' படம் முழுக்க பாரதி பாடல்களுக்கு எல். வைத்தியநாதன் போட்ட மெட்டுகளைக் கேட்டவர்கள் யாரும், மாற்றியதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டு ஆங்கிலக் கவிதையில் மூழ்கியவர் பாரதி. ஷெல்லிக்கு ஒரு மெட்டுப் போடச் சொல்லியிருந்தால் போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். சின்ன வகுப்புகளில் இந்த வேலை தினமும் நடக்கிறது, யாரும் அதை இசையமைப்பு என்று சொல்வதில்லை. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளில் பாட்டும் ஆட்டமும் பாடத்தின் பகுதியாகவே ஆகிவிட்டன. ஆங்கில ரைமுக்குக் கும்மி அடியைப் போட்டு வட்டமாகச் சுற்றவைக்கும் டீச்சர்கள் இருக்கிறார்கள். வீட்டில் வேறு பேச்சுவழக்கு பேசி வளர்ந்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இன்னும் ஒரு படி தூரம். கும்மி அந்தத் தூரத்தைக் குறைக்கும். அர்த்தம் பின்னால் வரட்டும், அடி முதலில் காலுக்கு வந்துவிடுகிறது.

ஆறாம் வகுப்புக்கு மேலே போனதும் இது நின்றுவிடுகிறது. பத்தாம் வகுப்பில் கிப்ளிங்கின் இயந்திரங்கள் பேசும் கவிதை வருகிறது. ஹென்றி வான் டைக்கின் 'வாழ்க்கை' வருகிறது. இரண்டையும் மதிப்பெண்ணுக்காக ஒப்பிக்கிறார்கள். கமாவுக்கும் முற்றுப்புள்ளிக்கும் பயந்து படிக்கிறார்களே தவிர, அடிக்கு யாரும் காது கொடுப்பதில்லை. கரும்பு ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டரில் இருந்து வரும் பாட்டை ஒரே தடவை கேட்டுத் திருப்பிப் பாடும் அதே பிள்ளைகள்தான் இவர்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் அடுத்த வாரம் தன் தம்பியை அழைத்து வந்தாள். அவன் பத்தாம் வகுப்பு. வான் டைக் கவிதையை ஆதி தாளத்தில் வைத்துத் தரச் சொன்னான்.

வைத்துப் பார்த்தோம். உட்காரவில்லை. அந்தக் கவிதையில் வரிக்கு ஐந்து அழுத்தம். ஷேக்ஸ்பியர், மில்டன் எல்லாம் எழுதிய அளவு அது. எட்டில் ஐந்து போனால் மூன்று மிச்சம். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் மூன்று எண்ணிக்கை காத்திருந்தால் பாட்டு நொண்டுகிறது. பேச்சுக்கு நெருக்கமான அளவு என்பதால்தான் நாடகக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள், அதனாலேயே தாளக்காரர்களுக்கு இது தலைவலி. ஆங்கிலேய இசையமைப்பாளர்கள் இங்கே ஒரு சொல்லை நீட்டுவார்கள், சில வரிகளைத் தாளம் இல்லாமல் விருத்தம் மாதிரி விட்டுவிடுவார்கள். அவளுடைய தாத்தா அதைத்தான் சொன்னார்.

"அத்த விருத்தமா பாடுடா. தருவுல அடங்காதது விருத்தத்துல அடங்கும்."

பையனுக்கு விருத்தம் வேண்டாமாம், தட்டிப் பாடத்தான் வேண்டுமாம். கண்ட ஜாதி ஏக தாளத்தில், ஐந்து ஐந்தாக, வரிக்கு ஒரு சுற்று வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். முதல் வரியில் ஓர் அழுத்தம் இடம் மாறி நிற்கிறது. அங்கே மட்டும் என்ன செய்வது என்று தாத்தாவும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.